ஜேம்ஸ் பிரெய்டு

ஜேம்ஸ் பிரெய்டு (பெப்ரவரி 6, 1870 – நவம்பர் 27, 1950) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த குழிப்பந்தாட்ட (கோல்ஃப்) வீரரும் திடல் வடிவமைப்பாளரும் ஆவார். இவ்விளையாட்டின் மிகப் பழைய போட்டியான தி ஓப்பன் போட்டியில் 1901, 1905, 1906, 1908, 1910 ஆகிய ஆண்டுகளில் வெற்றி பெற்றார். அப்போட்டியை ஐந்து முறை வென்ற முதல் வீரர் இவரே. ஹாரி வார்டன், ஜே. எச். டெய்லர் ஆகியோருடன் சேர்த்து இவரைக் குழிப்பந்தாட்டத்தின் மாபெரும் மூவருள் ஒருவர் என்பர். 1894 முதல் 1914 வரை நடைபெற்ற 21 ஓப்பன் போட்டிகளுள் 16 போட்டிகளில் இம்மூவருள் ஒருவரே வென்றார். 1904 முதல் இறக்கும் வரை 46 ஆண்டுகள் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்திலுள்ள வால்ட்டன் ஹீத் மன்றத்தில் தொழில்முறை ஆட்டக்காரராகப் பணியாற்றினார்.

பிறப்பும் இளமையும்

பிரெய்டு ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில், கடலோரச் சிற்றூரான எர்ல்ஸ்ஃபெரியில் பிறந்தார். தந்தை ஏர் உழும் பண்ணைத் தொழிலாளி. அவருக்குக் குழிப்பந்தாட்டத்தில் ஈடுபாடு இருந்ததில்லை. ஆனால் ஊரை ஒட்டிய மணல்வெளியில் ஆடுவது அவ்வூர்ச் சிறுவர்களுக்கு அன்றாட வழக்கமாக இருந்தது. பிரெய்டும் மிகச் சிறு வயதிலேயே மட்டையைப் பிடித்தார். 1884ஆம் ஆண்டு ஓப்பன் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றவரும், பந்தை மிகத் தொலைவு அடிப்பதில் பெயர் பெற்றவருமான டக்ளஸ் ரோலண்ட் இவருடைய உறவினர். ஊரில் சிறுவர்கள் பின்பற்ற விரும்பிய ஆட்டக்காரர் அவரே.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் மட்டை செய்யும் தொழிலைக் கற்கப் பிரெய்டு விரும்பினார். பெற்றோர் அதற்கு இசையவில்லை. அக்காலத்தில் மட்டை செய்பவர், பந்து செய்பவர், செல்வர்களின் மட்டைப் பையைச் சுமப்பவர் ஆகியோர் நிலையான வருவாயற்றவர்களாகவும், குடிப்பழக்கத்துக்கு ஆளாகக் கூடியவர்களாகவும் கருதப்பட்டதால் பெற்றோரின் அச்சத்தைத் தவறென்று கூற இயலாது. பிரெய்டு தச்சு வேலை பயின்றார். இளமையில் ஒரு முறை சுண்ணாம்பு கண்ணில் பட்டதால் இவருடைய பார்வை பாதிப்புற்றது. இக்குறை பிற்காலத்தில் இவரது ஆட்டத்தைப் பெரிதும் பாதித்தது.

தச்சராகச் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிலும் பின்னர் எடின்பரோவிலும் வேலை செய்தார். வேலை நாட்களில் ஒளி மங்கும் வரை இரம்பமும் உளியுமாக இருந்துவிட்டு, கிடைத்த நேரத்தில் எடின்பரோ நகர மக்களுக்கான பொதுத் திடலான பிரெய்டு குன்றுகளில் ஆடினார். (குன்றுகளின் பெயருக்கும் இவருடைய குடும்பத்துக்கும் தொடர்பில்லை.) முதலில் இவர் தொலைவு அடிக்கும் ஆட்டக்காரராக இருந்ததில்லை. ஏறக்குறைய ஒரே நாளில், காரணம் இன்னதென்று தமக்கே விளங்காத வகையில், பந்தை மற்றவர்களைவிட நெடுந்தொலைவு அடிக்கும் ஆற்றல் இவருக்கு வந்தது என இவருடைய வாழ்க்கையை எழுதியோர் அனைவரும் குறிப்பிடுகின்றனர்.

இலண்டன் வாழ்க்கை

1893ஆம் ஆண்டு இலண்டனிலுள்ள ஆர்மி அண்ட் நேவி பேரங்காடியின் பட்டறையில் மட்டை செய்பவர் வேலை கிடைத்தது. இத்தொழிலை முறையாகப் பயிலாதபோதும், தச்சராக இருந்த பழக்கம் கைகொடுத்தது. 1895ஆம் ஆண்டின் இறுதியில், அவ்வாண்டின் ஓப்பன் வெற்றியாளராக இருந்த டெய்லருடன் ஆடிய காட்சி ஆட்டத்தைச் சமநிலையில் முடித்தார். பேரங்காடிப் பட்டறையின் தொழிலாளி ஒருவர் நாட்டின் முதல்நிலை வீரருக்கு ஈடாக ஆடியது பலருடைய கவனத்தையும் ஈர்த்தது. அடுத்த ஆண்டே எசெக்ஸ் பகுதியிலுள்ள ரோம்ஃபோர்டு மன்றம் இவரைத் தன் தொழில்முறை ஆட்டக்காரராக அமர்த்திக்கொண்டது.

1897ஆம் ஆண்டு ஹொய்லேக்கில் நடந்த ஓப்பன் போட்டியில் ஒரே ஓர் அடி வேறுபாட்டில் ஹரோல்ட் ஹில்டனிடம் வெற்றியை இழந்தார். ஹில்டன் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லர். அதன் பின் சில ஆண்டுகள் பிரெய்டின் குறை பசுந்தரையில்தான் இருந்தது. பசுந்தரை என்பது குழியைச் சுற்றி மிகக் குட்டையாக வெட்டப்பட்ட புல்தரையாகும். நெடுந்தொலைவு அடித்து அங்கு வந்து சேர்ந்த பின்னர், குறுந்தொலைவிலிருந்து பந்தைக் குழிக்குள் உருட்டுவதில் அடிகளை வீணாக்கினார். 1900ஆம் ஆண்டு வாக்கில் அலுமினியத் தலை கொண்ட உருட்டு மட்டைக்கு மாறி, பல மணி நேரம் பயிற்சி செய்து இக்குறையைப் போக்கிக்கொண்டார்.

1898ஆம் ஆண்டு மின்னி ரைட் என்பவரை மணந்தார். இவர்களுக்கு இரண்டு மகன்கள். இளையவருக்கு ஹாரி மியூர்ஃபீல்ட் பிரெய்டு என்று பெயரிட்டனர். தந்தை முதல் முறை ஓப்பனை வென்ற திடலின் பெயர் மியூர்ஃபீல்ட் ஆகும்.

தொழில்முறை ஆட்டக்காரரின் நிலை

பிரெய்டின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அக்காலத்துத் தொழில்முறை ஆட்டக்காரரின் நிலையை அறிவது இன்றியமையாதது. இன்று அச்சொல் பெருஞ்செல்வரான விளையாட்டு வீரரைக் குறிக்கிறது. 1900ஆம் ஆண்டில் அது மன்றத்தின் ஊழியர் ஒருவரைக் குறித்தது. அவர் உறுப்பினர்களுக்கு ஆட்டம் கற்பிப்பார், மட்டைகளைச் செய்து பழுதுபார்ப்பார், சிறு கடையில் பந்துகளை விற்பார், உறுப்பினர் அழைத்தால் உடன் ஆடுவார். மன்றக் கட்டடத்துக்குள் உறுப்பினரைப் போல் நுழைந்து அமரும் உரிமை அவருக்கு இல்லை. போட்டித் தாள்களில் பணம் பெறாது ஆடுவோரின் பெயருக்கு முன் திரு என்னும் அடைமொழி இருக்கும். தொழில்முறை ஆட்டக்காரரின் பெயர் வெறுமனே இருக்கும்.

ஓப்பன் போட்டியில் வெல்வதால் மட்டும் பிழைக்க இயலாது. பிரெய்டு வென்ற காலத்தில் முதற்பரிசு 50 பவுண்டு மட்டுமே. எனவே கடையின் வருவாயே குடும்பத்தைக் காத்தது. 1901ஆம் ஆண்டு வாக்கில் சில மன்றங்கள் அக்கடைகளைத் தாங்களே நடத்தவோ, அதிக விலை கேட்போருக்கு விடவோ முற்பட்டன. இது தொழில்முறை ஆட்டக்காரர்களிடையே அச்சத்தை ஏற்படுத்தியது. அவ்வாண்டு இலண்டனில் கூடிய ஆட்டக்காரர்கள் ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தனர். டெய்லர் அதன் தலைவராகவும், பிரெய்டு அணித்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இதுவே பின்னாளில் பி.ஜி.ஏ. என உலகெங்கும் அறியப்பட்ட தொழில்முறைக் குழிப்பந்தாட்டக்காரர் சங்கமாகும். சங்கத்தின் பேச்சாளர் டெய்லர். பிரெய்டு மிகக் குறைவாகப் பேசுபவர். ஆனால் இவருடைய பெயர் பட்டியலில் இருந்ததே சங்கத்துக்கு மதிப்பைத் தந்தது எனலாம்.

ஓப்பன் வெற்றிகள்

ஐந்து ஓப்பன் வெற்றிகளும் ஸ்காட்லாந்தின் கடலோர மணல்வெளித் திடல்களிலேயே கிட்டின. 1901ஆம் ஆண்டு மியூர்ஃபீல்டில் 309 அடிகளில் முடித்து, வார்டனை மூன்று அடி வேறுபாட்டில் வென்றார். இறுதிக் குழியில் இவருடைய மட்டையின் தண்டு முறிந்து அதன் தலை மன்றக் கட்டடத்தை நோக்கிப் பறந்தது என்றும், பந்து மட்டும் செல்ல வேண்டிய இடத்துக்குச் சென்றது என்றும் கூறப்படுகிறது.

1902ஆம் ஆண்டு ரப்பர் நூல் சுற்றிய ஹாஸ்கெல் வகைப் புதிய பந்துடன் ஆடிய சாண்டி ஹெர்டு ஓர் அடி வேறுபாட்டில் வென்றபோது, பிரெய்டும் வார்டனும் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டனர். 1904ஆம் ஆண்டு சாண்ட்விச்சில் பிரெய்டு ஒரு சுற்றை 69 அடிகளில் முடித்தார். ஓப்பன் வரலாற்றில் 70க்குக் குறைவான அடிகளில் ஆடப்பட்ட முதல் சுற்று இதுவாகும். எனினும் அவ்வாண்டு வென்றவர் சன்னிங்டேல் மன்றத்தைச் சேர்ந்த ஜாக் ஒயிட். பிரெய்டு ஓர் அடி பின்தங்கினார்.

1905இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலில் வெற்றி பெற்ற விதம் சற்று வேடிக்கையானது. அத்திடலின் ஓரமாக அப்போது இரயில் பாதை ஓடியது. இறுதிச் சுற்றின் 15ஆம், 16ஆம் குழிகளில் பிரெய்டின் பந்து தண்டவாளப் பகுதிக்குச் சென்றது. அங்கிருந்தே அடித்து மீண்டு, 318 என்னும் மொத்த எண்ணிக்கையில் ஐந்து அடி வேறுபாட்டில் வென்றார். அடுத்த ஆண்டு மியூர்ஃபீல்டில் 300 அடிகளில் முடித்துத் தொடர்ந்து இரண்டாம் முறை வாகை சூடினார்.

1908ஆம் ஆண்டு பிரெஸ்ட்விக்கில் பெற்ற வெற்றியே இவற்றுள் தலைசிறந்ததாகக் கருதப்படுகிறது. அங்கு மூன்றாம் குழிக்குச் செல்லும் வழியில் கார்டினல் என்னும் பெரும் மணற்குழி உண்டு. அதன் சுவர் பழைய இரயில் பாதைக் கட்டைகளால் ஆனது. மூன்றாம் சுற்றில் அம்மணற்குழியில் சிக்கிய பிரெய்டு, கட்டைகளில் மோதித் தெறித்த பந்தை ஓடையில் இழந்து, அந்த ஒரு குழிக்கு மட்டும் 8 அடிகள் எடுத்தார். முகத்தில் எவ்வித மாற்றமும் இன்றி அடுத்த குழிக்கு நடந்தார் என்று பார்த்தவர்கள் பதிவு செய்துள்ளனர். நான்கு சுற்றுகளையும் 70, 72, 77, 72 என ஆடி, மொத்தம் 291 அடிகளில் எட்டு அடி வேறுபாட்டில் வென்றார். இச்சாதனை எண்ணிக்கையை 1927 வரை எவரும் முறியடிக்கவில்லை. 1910இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் 299 அடிகளில் ஐந்தாவது வெற்றியைப் பெற்றார். அதே ஆண்டு பிரெஞ்சு ஓப்பன் போட்டியையும் வென்றார்.

வால்ட்டன் ஹீத்

இங்கிலாந்தின் உட்பகுதியில் நெடுங்காலம் நல்ல குழிப்பந்தாட்டத் திடல்கள் இருந்ததில்லை. களிமண் நிலத்தில் மழைக்காலத்தில் நீர் தேங்கும். கோடையில் தரை இறுகும். கடலோர மணல்வெளியைப் போல ஆண்டு முழுவதும் ஆடத்தக்க நிலம் இலண்டனைச் சுற்றிலும் இல்லை என்றே எண்ணப்பட்டது. இவ்வெண்ணத்தை மாற்றியவை சர்ரே, பெர்க்‌ஷயர் பகுதிகளிலுள்ள ஹீத் எனப்படும் புதர்வெளிகளாகும். வேளாண்மைக்கு உதவாத, சத்தற்ற, அமிலத்தன்மை கொண்ட மண். அதில் ஹெதர் என்னும் குட்டைச் செடியும், கார்ஸ் என்னும் மஞ்சள் பூ முட்புதரும், பிர்ச், பைன் மரங்களும் மட்டுமே வளரும். விளைச்சலுக்குப் பயனற்றதாக இருந்த இந்நிலம் நீரை விரைந்து வடியவிட்டது. இரயில் வசதியும் வந்துவிட்டதால், 1901இல் சன்னிங்டேல் திடலும் 1904இல் வால்ட்டன் ஹீத் திடலும் திறக்கப்பட்டன.

வால்ட்டன் ஹீத் வட டவுன்ஸ் குன்றுகளின் மேல், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 180 மீட்டர் உயரத்தில் அமைந்த திறந்த வெளியாகும். திடலை வடிவமைத்தவர் ஹெர்பர்ட் ஃபௌலர். புதர்வெளியைக் குதிரை மீது பலமுறை சுற்றி வந்து, நிலத்தின் இயல்பான மேடு பள்ளங்களைக் கண்டறிந்த பின்னரே குழிகளின் இடத்தை அவர் முடிவு செய்தார் என்பர். 1904 மே மாதத் திறப்பு விழாவில் வார்டன், டெய்லர், பிரெய்டு ஆகிய மூவரும் ஆடினர். அவர்களுள் பிரெய்டு அங்கேயே பணியில் அமர்ந்துவிட்டார்.

சில ஆண்டுகளில் மன்றத்தின் நிருவாகம் செய்தித்தாள் அதிபரான ஜார்ஜ் ரிடெலின் கைக்கு வந்தது. அதனால் அரசியல்வாதிகளும் செய்தித்தாள் உரிமையாளர்களும் வார இறுதிகளில் இங்கு கூடினர். பிரித்தானியப் பிரதமர்களாக இருந்தவர்களுள் அல்லது பின்னர் ஆனவர்களுள் பால்ஃபர், லாயிட் ஜார்ஜ், போனர் லா, சர்ச்சில் ஆகிய நால்வர் இம்மன்றத்தில் உறுப்பினர்களாக இருந்தனர். லாயிட் ஜார்ஜுக்காகத் திடலுக்கு அருகில் ரிடெல் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் 1913 பெப்ரவரியில் பெண்கள் வாக்குரிமைப் போராட்டக்காரர்கள் குண்டு வைத்த நிகழ்ச்சி நாடெங்கும் பேசப்பட்டது. வேல்சு இளவரசர் எட்வர்டு 1935இல் மன்றத் தலைவராகி, 1936 சனவரியில் மன்னராக முடிசூடும் உரிமை பெற்றபோதும் அப்பொறுப்பில் இருந்தார்.

இவர்களுக்கெல்லாம் மட்டை தேர்ந்து கொடுத்தும், ஆட்டம் கற்பித்தும், உடன் ஆடியும் வந்தவர் உழவுத் தொழிலாளியின் மகனான பிரெய்டு. திடலுக்கு அருகில் வால்ட்டன் ஆன் த ஹில் ஊரில் தமக்கென ஒரு வீட்டை அமைத்துக்கொண்டு, அதற்கு எர்ல்ஸ்ஃபெரி என்று தம் சொந்த ஊரின் பெயரைச் சூட்டினார். உறுப்பினர்கள் இவரிடம் அறிவுரை கேட்டனர். அமைச்சர்கள் இவருக்குக் காத்திருந்தனர். ஆயினும் கட்டடத்தின் ஒழுங்கு மாறவில்லை. அவ்வொழுங்கைப் பிரெய்டும் மீற முயன்றதில்லை. 1920ஆம் ஆண்டு டீல் நகரில் நடந்த ஓப்பன் போட்டிக்கு வந்த அமெரிக்க வீரர் வால்ட்டர் ஹேகன், மன்றக் கட்டடத்தில் இடம் மறுக்கப்பட்டதால் தம் சொகுசு மகிழுந்தை வாயிலருகே நிறுத்தி, அதையே உடை மாற்றும் அறையாக்கிக்கொண்டார். பிரெய்டின் தலைமுறையினருக்கு அத்தகைய எதிர்ப்பு இயல்பானதன்று. அவர்கள் சங்கத்தின் வழியாகவும், தங்கள் நடத்தையின் வழியாகவும் தொழிலின் மதிப்பை மெல்ல உயர்த்தினர். இதனைப் பணிவு என்று குறைத்து மதிப்பிடுவது பொருந்தாது.

புதர்வெளியில் ஒரு சுற்று

ஒரு சுற்று என்பது 18 குழிகளைக் கொண்டது. வால்ட்டன் ஹீத் பழைய திடலில் முதற்குழி மன்றக் கட்டடத்துக்கு அருகிலேயே உள்ளது. 200 மீட்டருக்கும் கூடுதலான அத்தொலைவை ஒரே அடியில் கடந்து பசுந்தரையை அடைய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. கைகால் சூடாகும் முன்பே இத்தகைய அடியைக் கேட்கும் தொடக்கம் அரிது. அதன் பின் ஆட்டக்காரர்கள் சாலையைக் கடந்து பெரும் புதர்வெளிக்குள் நுழைகின்றனர். அங்கு காற்றைத் தடுக்க ஒன்றும் இல்லை. கடல் பல கல் தொலைவில் இருந்தாலும் காற்று கடற்கரைக் காற்றைப் போலவே வீசும்.

ஒவ்வொரு குழிக்கும் குட்டைப் புல் வெட்டிய ஆடுபாதை ஒன்று உண்டு. அதன் இருபுறமும் ஹெதர் அடர்ந்திருக்கும். ஆகஸ்டு மாதத்தில் ஊதா நிறப் பூக்களால் காண்போரைக் கவரும் இச்செடி, ஆட்டக்காரருக்கு நீரைவிடக் கொடியது. பந்து அதன் மீது தங்காது. தண்டுகளுக்கிடையே இறங்கி மறையும். கம்பி போன்ற அத்தண்டுகள் மட்டையின் கழுத்தைச் சுற்றிப் பிடித்துத் திருப்பிவிடும். இழந்த தொலைவை ஒரே அடியில் மீட்க முயலும் ஆட்டக்காரர் பெரும்பாலும் இரண்டாம் முறையும் அங்கேயே நிற்பார். குட்டையான, சாய்வு மிகுந்த இரும்பு மட்டையை எடுத்து, பக்கவாட்டில் ஆடுபாதைக்குத் திரும்பி, ஓர் அடியை இழந்ததாக ஏற்றுக்கொள்வதே அறிவுடைமை. பிரெய்டோ தச்சுத் தொழிலில் வலுப்பெற்ற மணிக்கட்டுகளால் ஹெதரையும் சேர்த்து வெட்டிப் பந்தை வெளிக்கொணரும் வல்லமை பெற்றிருந்தார். மோசமான இடத்திலிருந்து மீள்வதில் மூவருள் இவருக்கு நிகரில்லை என்பது பொதுவான கருத்து.

ஆடுபாதையின் புல் மெலிந்தும் தரை இறுகியும் இருப்பதால், பந்து விழுந்த பின்னரும் நெடுந்தொலைவு உருளும். எனவே பந்து எங்கு விழும் என்பதைவிட எங்கு போய் நிற்கும் என்பதையே ஆட்டக்காரர் கணக்கிட வேண்டும். ஃபௌலரின் மணற்குழிகள் ஆழமானவை. பந்து உருண்டு வரும் வழியிலேயே காத்திருப்பவை. 18ஆம் குழியின் பசுந்தரைக்கு முன்னால் ஆடுபாதையின் குறுக்கே அமைந்த மணற்குழி புகழ் பெற்றது. சுற்று முழுவதும் நன்றாக ஆடி வந்தவர்களும் மன்றக் கட்டடத்தின் பார்வையில் அதில் சிக்கியதுண்டு.

மேட்ச் பிளே போட்டி

குழிப்பந்தாட்டத்தில் இரு முறைகள் உண்டு. மொத்த அடிகளை எண்ணுவது ஒன்று. இருவர் எதிரெதிராக ஆடி, ஒவ்வொரு குழியையும் யார் வென்றார் என்று கணக்கிடுவது மற்றொன்று. இரண்டாம் முறையில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கென ஒரு போட்டி 1903இல் தொடங்கப்பட்டது. ரிடெலுடன் தொடர்புடைய நியூஸ் ஆஃப் த வேர்ல்ட் செய்தித்தாள் இதற்குப் பொருளுதவி செய்தது. வெற்றியாளருக்கான பரிசு, ஓப்பன் வெற்றியாளர் பெற்றதைவிடக் கூடுதலானது.

இப்போட்டியைப் பிரெய்டு நான்கு முறை வென்றார். 1903இல் சன்னிங்டேலில் டெட் ரேயையும், 1905இல் வால்ட்டன் ஹீத்தில் ஹாரி வார்டனின் தம்பி டாம் வார்டனையும், 1907இல் மீண்டும் சன்னிங்டேலில் டெய்லரையும், 1911இல் வால்ட்டன் ஹீத்தில் மீண்டும் டெட் ரேயையும் இறுதியாட்டத்தில் தோற்கடித்தார். ஐந்து ஓப்பன் வெற்றிகளும் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் கிட்டியது போல, இந்நான்கும் இலண்டனுக்கு அருகிலுள்ள புதர்வெளித் திடல்களில் கிட்டின என்பது குறிப்பிடத்தக்கது.

1905இல் நடந்த மற்றொரு ஆட்டத்தில் இவ்வாறு அமையவில்லை. ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான பந்தயமாக நான்கு திடல்களில் நடந்த இணையாட்டத்தில் பிரெய்டும் ஹெர்டும், வார்டன் – டெய்லர் இணையிடம் பெரும் வேறுபாட்டில் தோற்றனர்.

1927ஆம் ஆண்டு மேட்ச் பிளே போட்டி மீண்டும் வால்ட்டன் ஹீத்துக்கு வந்தது. அப்போது பிரெய்டின் அகவை 57. கண் பார்வை மங்கியிருந்தது. கடைசி ஓப்பன் வெற்றி பெற்று 17 ஆண்டுகள் கடந்திருந்தன. தம்மைவிடப் பல ஆண்டுகள் இளையவர்களை ஒருவர் பின் ஒருவராக வென்று, எவரும் எதிர்பாராத வகையில் இறுதியாட்டத்தை அடைந்தார். ஹெதர் எங்கு அடர்ந்தது, எந்த மேட்டில் பந்து எப்பக்கம் திரும்பும் என்பதை 23 ஆண்டுகளாக நாள்தோறும் நடந்து கண்டவர் இவர் என்பதே இதற்குக் காரணமாக இருக்கலாம். இறுதியாட்டத்தில் ஆர்ச்சி கொம்ப்ஸ்டன் இவரை எளிதாக வென்றார். இன்னும் 7 குழிகள் எஞ்சியிருந்தபோதே கொம்ப்ஸ்டன் 8 குழிகள் முன்னிலை பெற்று ஆட்டத்தை முடித்துவிட்டார்.

திடல் வடிவமைப்பு

போட்டிகளில் வெல்லும் காலம் முடிந்த பின்னர் பிரெய்டின் நேரம் பெரும்பாலும் திடல்களை அமைப்பதில் கழிந்தது. புதிதாக அமைத்தவை, பழையனவற்றைத் திருத்தியவை எனச் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்ட திடல்களில் இவருடைய கைவண்ணம் உண்டு. 1919இல் திறக்கப்பட்ட கிளனீகிள்ஸ் அரசர் திடலும் அரசி திடலும் இவற்றுள் புகழ் பெற்றவை. கார்னூஸ்டி திடலை 1926இல் திருத்தியமைத்தார். அங்கு 1931இல் முதன்முறையாக ஓப்பன் போட்டி நடைபெற்றது. கார்ன்வாலிலுள்ள செயின்ட் எனடோக், ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள பிரோரா ஆகியவையும் இவருடையவை.

பிரெய்டுக்குப் பயண ஒவ்வாமை இருந்தது. கப்பலில் ஏறினாலே உடல்நலம் கெடும். வார்டன், டெய்லர், ரே ஆகியோர் அமெரிக்கா சென்று ஆடிப் புகழும் பொருளும் ஈட்டியபோதும் இவர் அட்லாண்டிக்கைக் கடக்கவில்லை. அதனால் இவருடைய திடல்கள் ஏறக்குறைய அனைத்தும் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் உள்ளன. சிங்கப்பூரின் புக்கிட் திடல் ஒரு விதிவிலக்கு. அதை நேரில் காணாமலேயே, அனுப்பப்பட்ட நில வரைபடங்களைக் கொண்டு 1920களில் வடிவமைத்தார். ஊர் ஊராக இரயிலில் சென்று, ஒரு நாளில் நிலத்தை நடந்து பார்த்து, குறிப்பெழுதிக் கொடுத்துவிட்டு இரவு இரயிலில் திரும்புவது இவர் வழக்கம். செல்வ மன்றங்களுக்கு மட்டுமின்றிச் சிற்றூர் மன்றங்களுக்கும் இவர் இவ்வாறு பணியாற்றினார். எர்ல்ஸ்ஃபெரி போன்ற ஊர்களில் கடைக்காரரும் மீனவரும் ஆடும் திடல் எத்தகையது என்பதை அறிந்திருந்ததால், மண்ணை அதிகம் புரட்டாமல், இருக்கும் நிலத்தைக் கொண்டு குறைந்த செலவில் திடல் அமைக்க இவரால் இயன்றது.

குழிப்பந்தாட்டம் பற்றி நூல்களும் எழுதினார். 1908இல் வெளியான அட்வான்ஸ்டு கோல்ஃப் இவற்றுள் குறிப்பிடத்தக்கது.

முதுமையும் மறைவும்

முதுமையிலும் பிரெய்டு தொடர்ந்து ஆடினார். பிறந்த நாள் தோறும் வால்ட்டன் ஹீத்தில் ஒரு சுற்று ஆடி, அதைத் தம் அகவைக்கு மிகாத அடிகளில் முடிப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தார். பெப்ரவரி மாதக் குளிரில், மங்கிய பார்வையுடன், எழுபது வயதைக் கடந்த பின்னர் இதைச் செய்வது எளிதன்று.

வால்ட்டன் ஹீத் மன்றம் இவரைத் தன் மதிப்புறு உறுப்பினராக்கியது. 1950ஆம் ஆண்டு, அக்காலத்தில் விளையாட்டின் விதிகளை வகுத்து வந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் அரச மன்றம் பிரெய்டு, டெய்லர், வில்லி ஆக்டர்லோனி ஆகிய மூன்று தொழில்முறை ஆட்டக்காரர்களை மதிப்புறு உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொண்டது. பிரெய்டு அப்போது எண்பதாம் அகவையை எட்டியிருந்தார்.

அதே ஆண்டு நவம்பர் 27 அன்று இலண்டனில் அறுவை மருத்துவத்துக்குப் பின் காலமானார். மூவருள் வார்டன் 1937இலேயே இறந்துவிட்டார். டெய்லர் 1963 வரை வாழ்ந்தார். பிரெய்டின் உடல் வால்ட்டன் ஆன் த ஹில் ஊரின் புனித பேதுரு ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. இவரை நன்கறிந்தவரும், அறிவியலாளர் சார்லஸ் டார்வினின் பேரனும், குழிப்பந்தாட்ட எழுத்தாளருமான பெர்னார்ட் டார்வின் எழுதிய வாழ்க்கை வரலாறு 1952இல் வெளிவந்தது. 1976இல் உலகக் குழிப்பந்தாட்டப் புகழவையில் பிரெய்டின் பெயர் சேர்க்கப்பட்டது.

வால்ட்டன் ஹீத்தில் 1981ஆம் ஆண்டு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான ரைடர் கோப்பைப் போட்டி நடைபெற்றது. 2023ஆம் ஆண்டு அங்கு நடந்த மகளிர் ஓப்பன் போட்டியில் அமெரிக்காவின் லிலியா வூ வெற்றி பெற்றார். அதன் மொத்தப் பரிசுத் தொகை 90 இலட்சம் அமெரிக்க டாலர் ஆகும்.